வீட்டில் எத்தனை பேர்

ஆய்வகத்துத் தாளில்
ஒரே ஒரு எண்ணை மட்டும்
கொட்டை எழுத்தில் அடித்திருந்தார்கள்.
எல்லை பத்து. எங்கள் கிணற்றுக்கு இருபத்தாறு.
ஆர்சனிக்.
நிறமில்லை, மணமில்லை, நாக்குக்குத் தெரியாது.
நோவா ஸ்கோஷியாவின் இந்தக் கரையில்
கருங்கல்லுக்குள் அது எப்போதும் இருந்ததாம்,
அப்பா துளை போட்ட அன்றைக்கும்
நாங்கள் குடித்து வளர்ந்த அத்தனை நாளும்.

கொதிக்க வைத்தால் போகாதா என்றேன் தொலைபேசியில்.
"போவது தண்ணீர் மட்டும்தான் மேடம்,
மிச்சம் இன்னும் கெட்டிப்படும்" என்றாள் அந்தப் பெண்.
அடுப்பை அணைத்தேன்.
கெட்டிலின் விசில்
பாதி வாக்கியத்தில் இறங்கியது.

இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு.
வேலிக்கு அந்தப் பக்கம் என் தம்பி எவரிஸ்ட்.
பேச்சு நின்று நான்கு குளிர்காலம்;
படகுக் கொட்டகை யாருக்கு என்பதில் தொடங்கியது.
தாளின் நகலை அவன் தபால்பெட்டியில் போட்டேன்.
மறுநாள் அது என் கதவிடுக்கில் செருகியிருந்தது,
பின்பக்கம் அவன் கிறுக்கல்:
"அப்பா எண்பத்தொன்பது வரை இருந்தார்.
இதே தண்ணீர்தான்."
தாயைப் பழித்தாலும் பொறுத்திருப்பான்,
தண்ணீரைப் பழித்ததைப் பொறுக்கவில்லை.

டூசே கடையிலிருந்து ஒரு பையன் வந்தான்.
சமையல் மேசையில் அட்டைகளைப் பரப்பினான்
சீட்டாட உட்கார்ந்தவன் போல.
கரி போட்ட ஜாடியை அவனே ஒதுக்கினான்:
"வாடைக்கு நல்லது. உங்களுக்கு வீண்."
அந்த ஒரு சொல்லுக்காக அவனைக் கொஞ்சம் நம்பினேன்.

பாத்திரத் தொட்டிக்குக் கீழே ஒளிந்துகொள்ளும் ஆர்.ஓ.
ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு
மூன்று லிட்டரை வெளியே தள்ளுமாம்.
வெளியே என்றால் எங்கே?
செப்டிக் குழிக்கு.
அங்கிருந்து?
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.
"மண்ணுக்குத்தான்."
ஆக, இரவல் வாங்கிய பாத்திரம் போல
எடுத்த இடத்திலேயே
வைத்துவிட்டு வரப்போகிறோம்.

இன்னொன்று ஆளுயரம்.
துரு நிற மணிகளை வயிற்றில் நிரப்பிக்கொண்டு
கிணற்றடியிலேயே நிற்கும்.
இரண்டு வீட்டின் எல்லாக் குழாய்க்கும் முன்னால் காவல்.
விலை என் காரின் விலை;
வாங்கியபோது இருந்ததில்லை, இப்போது போகிற விலை.
யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

செவ்வாய்க்கிழமை குப்பை நாள்.
ஓதம் வடிந்து படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன.
என் பையைத் தெருவோரம் வைக்கப் போனவள்
எவரிஸ்ட்டின் பையைப் பார்த்தேன்.
நீலப் பை, ஒளிக்கத் தெரியாதது.
உள்ளே கடைத் தண்ணீர் பாட்டில்கள்.
நசுக்கி, மூடி திருகி, நெருக்கமாக.
எண்ணத் தொடங்கி நாற்பதில் நிறுத்தினேன்.
டெப்போவில் கொடுத்தால் பாட்டிலுக்குக் காசு உண்டு.
ஆணியை நிமிர்த்தி மறுபடி அடிக்கிறவன்,
அந்தக் காசை விட்டிருக்கிறான்,
வரிசையில் யாராவது பார்த்துவிடுவார்களே என்று.

தாள் வந்த பிறகு வாங்கியதா?
அல்லது முன்பே தெரியுமா அவனுக்கு,
தெரிந்தும் நான் காபி போடும் வெளிச்சத்தை
தினமும் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தானா?
பையின் முடிச்சில் கை வைத்தேன்.
பாட்டில் கழுத்துகளில் தேதி இருக்கும்.
அவிழ்க்கவில்லை.
லாரி வரும் சத்தம் கேட்டு
உள்ளே வந்துவிட்டேன்.

டூசே கடைப் படிவம் மேசையில் கிடந்தது.
ஒரு கட்டம்: வீட்டில் எத்தனை பேர்.
ஏற்கனவே 1 என்று எழுதியிருந்தேன், பென்சிலில்.
1ஐ 4 ஆக்குவது பெரிய வேலையில்லை.
எவரிஸ்ட், மார்செலின், அவர்கள் பெண்.
இரண்டு கோடு.
போடுவதற்குள் காபி ஆறிவிட்டது,
அதைக் கொட்டினேன், அதுவும் அந்தத் தண்ணீர்தானே.

பாதிப் பணம் அவனிடம் கேட்க வேண்டும்.
படகுக் கொட்டகையை விட்டு
வேறு எதற்காவது
சண்டை போட்டும் நாளாயிற்று.